கேடி, மாமூல், ஒத்து ஊதுறது: நாம பேசற ஸ்லாங் எல்லாம் எங்கருந்து வந்துச்சு?

“அவன் சரியான கேடி”ன்னு ஒருத்தனைச் சொல்லும்போது நம்ம வாயில வர்றது ஒரு போலீஸ் ஸ்டேஷன் சுருக்கெழுத்து. வெள்ளைக்காரன் காலத்துல அந்தந்த ஏரியாவுல திருட்டு, வழிப்பறின்னு மாட்டினவங்க பேரையெல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதி வச்சுக்கிட்டு அவங்க எங்க போறாங்க வர்றாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, அந்த லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு ‘நோன் டெப்ரடேட்டர்’னு பேரு, கொள்ளையடிக்கற ஆளுன்னு ஏற்கனவே தெரிஞ்சவன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டு வார்த்தைக்கும் முதல் எழுத்து கே, டி. அவ்ளோதான் கேடி. ஸ்டேஷன் வாசலைத் தாண்டி தெருவுக்கு வந்த இந்த ரெண்டு எழுத்து இப்ப எங்க வந்து நிக்குதுன்னா, நாலு வயசுக் குழந்தை பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சா “கேடிப் பய”ன்னு கொஞ்சறோம்.

இதே ஃபேமிலிதான் ‘ஃபோர் ட்வென்ட்டி’. 1860ல வந்த இந்திய தண்டனைச் சட்டத்துல ஏமாத்தி அடுத்தவன் சொத்தைப் புடுங்கறதுக்கான பிரிவு 420. அந்தச் சட்டமே இப்ப இல்ல, 2024 ஜூலை 1லருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு, அதுல மோசடிக்கு 318ஆம் பிரிவு. ஆனா யாராவது “அவன் ஒரு முன்னூத்திப் பதினெட்டு”ன்னு திட்டி கேட்டிருக்கீங்களா? சட்டம் செத்தும் திட்டு உயிரோட இருக்கு.

ஸ்லாங்கைப் பத்தி புதுசா தெரிஞ்சுக்கறவங்க முதல்ல பிடிச்சுக்க வேண்டியது இந்த விஷயம்தான். பெரும்பாலான ஸ்லாங் வார்த்தை யாரோ உக்காந்து புதுசா கண்டுபிடிச்சது கிடையாது. அது ஏற்கனவே ஏதோ ஒரு இடத்துல மரியாதையா ஒரு வேலை பாத்துக்கிட்டிருந்த வார்த்தை, கோயில்ல, கோர்ட்ல, கச்சேரியில, தச்சுப் பட்டறையில, கப்பல் வந்து நிக்கற துறைமுகத்துலன்னு. அங்கருந்து கிளம்பி வேற வேலைக்கு வந்துடுச்சு. அதனால ஒரு ஸ்லாங்கோட கதை வேணும்னா “இதுக்கு என்ன அர்த்தம்”னு கேக்கறதைவிட “இது முன்னாடி எங்க வேலை பாத்துச்சு”ன்னு கேட்டா சீக்கிரம் பதில் கெடைக்கும்.

கொஞ்சம் பேரு எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கறாங்க, அதையும் பிரிச்சு வச்சுக்கலாம். திருநெல்வேலியில “ஏல”ன்னு கூப்பிடறதும் கோயம்புத்தூர்ல “ஏனுங்க”ன்னு கேக்கறதும் வட்டார வழக்கு, அந்த ஊர்ல பாட்டிலருந்து பேரன் வரைக்கும் எல்லாரும் பேசறது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி இதெல்லாம் போர்ச்சுகீஸ்காரங்க விட்டுட்டுப் போன கடன் வார்த்தை, இத எழுத்துலயும் எழுதுவோம், யாரும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க. ஸ்லாங்ங்கறது இது ரெண்டுமே இல்லாம, நெருக்கமானவங்ககிட்ட மட்டும் தைரியமா பேசறது, ஆபீஸ் லெட்டர்ல எழுதினா வேலைக்கு ஆகாது.

இது ஏதோ இப்பத்திய பசங்க கெடுத்ததுன்னு நெனச்சா அதுவும் தப்பு. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்லயே ‘குழூஉக்குறி’ன்னு தனியா ஒரு வகை சொல்றாங்க, ஒரு கூட்டத்துக்காரங்க தங்களுக்குள்ள மட்டும் புரியற மாதிரி வச்சுக்கற பேரு. அதுக்கு உரைக்காரங்க குடுக்கற உதாரணம் செம ரகம். பொற்கொல்லர்கள் பொன்னை ‘பறி’ன்னு சொல்வாங்களாம், யானைப்பாகர்கள் துணியை ‘காரை’ன்னு சொல்வாங்களாம், வேடர்கள் கள்ளுக்கு வச்ச பேரு ‘சொல்விளம்பி’. உள்ள போனா உள்ள இருக்கற சொல்லையெல்லாம் வெளிய கொண்டு வந்துடும்ல, அதான். இன்னிக்கு ‘சரக்கு’, ‘தண்ணி’ன்னு சொல்றதெல்லாம் சொல்விளம்பிக்குப் பக்கத்துலகூட வராது, என்னைக் கேட்டா.

சரி, பழைய வேலையிடங்களுக்குப் போவோம். ரொம்ப வளமான இடம் கோயில். திட்டு வாங்கினா “செம அர்ச்சனை”, அடி வாங்கினா “பூசை போட்டாங்க”, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ‘மண்டகப்படி’ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது இன்னும் நுணுக்கம். சாமி புறப்பாடு வரும்போது வழியில இருக்கற மண்டபத்துல நிறுத்தி, அந்த மண்டபத்துக்குப் பொறுப்பான குடும்பமோ ஊரோ தன் செலவுல பூஜை, நைவேத்தியம் எல்லாம் செய்யறதுதான் மண்டகப்படி. சித்திரைத் திருவிழாவுக்கு கள்ளழகர் மதுரைக்கு வர்ற வழியெல்லாம் நூத்துக்கணக்குல மண்டகப்படி நடக்கும், ஒவ்வொரு இடத்துலயும் நின்னு நின்னு மரியாதையை வாங்கிக்கிட்டுத்தான் சாமி நகரும். இப்ப இதை ராத்திரி லேட்டா வீட்டுக்கு வர்றவன்மேல வச்சுப் பாருங்க, வாசல்ல அப்பாகிட்ட ஒண்ணு, ஹால்ல பாட்டிகிட்ட ஒண்ணு, கிச்சன்ல அம்மாகிட்ட ஒண்ணு. “நேத்து நல்ல மண்டகப்படி”ன்னு அவன் சொல்றதுல நின்னு நின்னு வாங்கினதும் சேந்தே இருக்கு.

‘சுவாகா பண்ணிட்டான்’ன்னா மொத்தத்தையும் முழுங்கிட்டான்னு அர்த்தம், யாகத்துல நெய்யைத் தீயில விடும்போது சொல்ற மந்திரச் சொல் அது. தீயில விட்டது திரும்பி வராது, சீட்டுக்காரன்கிட்ட குடுத்த பணமும் அதே கதி. பணம் போச்சுன்னா ‘கோவிந்தா’, ஏமாந்தா ‘நாமம்’. இவ்ளோ பக்தியா இருக்கற ஊர்ல இவ்ளோ கிண்டலும் எப்படின்னு சிலர் கேப்பாங்க, தினம் பாக்கறதைத்தானே கிண்டல் பண்ண முடியும்.

கோயில்லருந்து ரெண்டு அடி வச்சா மேளக் கச்சேரி. “அவன் என்ன சொன்னாலும் இவன் ஒத்து ஊதுவான்”ங்கறோம், ‘ஒத்து’ன்னா ஒத்துக்கறதுன்னு நெறைய பேரு நெனச்சுக்கிட்டிருக்காங்க. ஒத்துங்கறது ஒரு வாத்தியம். பாக்கறதுக்கு நாதஸ்வரம் மாதிரியே நீளமா இருக்கும், ஆனா விரல் வச்சு வாசிக்கற துளை கிடையாது, பக்கத்துல ஒருத்தர் கச்சேரி முழுக்க அதை ஊதி ஒரே சுருதியை மட்டும் பிடிச்சுக்கிட்டிருப்பாரு. நாதஸ்வரக்காரர் எந்த ராகத்துக்குப் போனாலும் இவருக்கு அதே ஒரு ஸ்வரம்தான். இப்ப பெரும்பாலும் அந்த இடத்துல சுருதிப்பெட்டி வந்துடுச்சு, ஒத்து வாத்தியத்தைக் கண்ணால பாத்தவங்க கொறஞ்சுட்டாங்க, ஒத்து ஊதறவங்க மட்டும் கொறையல. ‘ஜால்ரா’வும் இதே கணக்குதான், பஜனையில பாடறவர் பின்னாடி தட்டற தாளம். வேலை தெரியாம திணறினா ‘ததிங்கிணத்தோம் போடறது’ன்னு சொல்வாங்க, அது மிருதங்கத்துல முடிவு வைக்கும்போது வர்ற சொற்கட்டு.

கைத்தொழில்லருந்து வந்ததுல எனக்குப் பிடிச்சது ரெண்டு. ஆப்பு, மொக்கை. ஆப்புன்னா மரத்தைப் பொளக்கும்போது பிளவு மூடிக்காம இருக்கறதுக்கு நடுவுல அடிக்கற முளை. மெதுவா உள்ள எறக்குவாங்க, எறங்க எறங்க மரம் ரெண்டாகும், ஆப்பு வைக்கறவன் வேலையும் அதே ஸ்டைல்தானே. மொக்கைன்னா கூர் போனது, “கத்தி மொக்கையா இருக்கு, தீட்டணும்”னு இன்னிக்கும் சொல்றாங்க. மொக்கை ஜோக்குன்னா வெட்டாத ஜோக். இதைப் புரிஞ்சுக்கிட்டா ‘மொக்க படம்’, ‘மொக்க போடறான்’ எல்லாமே தானா புரிஞ்சுடும். விளையாட்டுலருந்து வந்தது ‘அப்பீட்டு’. பம்பரம் கீழ சுத்திக்கிட்டிருக்கும்போது சாட்டையைப் போட்டு ஒரே இழுப்புல மேல தூக்கிக் கையில பிடிக்கறதுதான் அப்பீட், அதான் பிரச்சனை வர்ற நேரத்துல ஆளு சட்டுன்னு காணாமப் போனா அப்பீட்டு ஆயிட்டான்.

இப்ப மெட்ராஸ் பாஷை. ஸ்லாங்னாலே பாதிப் பேருக்கு இதான் ஞாபகம் வரும். இதுல ஏன் இவ்ளோ உருது, தெலுங்குன்னா ஊரோட வரலாறு அப்படி. 1639ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க வந்து கோட்டைக்கு இடம் வாங்கறதுக்கு முன்னாடியே வடக்க பழவேற்காட்டுல டச்சுக்காரங்க கடை விரிச்சுட்டாங்க. அப்புறம் ஆற்காட்டு நவாப் 1768 வாக்குல சேப்பாக்கத்துல அரண்மனை கட்டி இங்கயே தங்கிட்டாரு, அரசாங்கக் கணக்கு வழக்கெல்லாம் பாரசீகச் சொல்லுல ஓடின காலம். தெலுங்கு பேசறவங்க ஆரம்பத்துலருந்தே இந்தப் பகுதியில இருக்காங்க, 1953 அக்டோபர் 1ல ஆந்திரா தனியா பிரியற வரைக்கும் அவங்களுக்கும் இதான் தலைநகரம். துறைமுகத்துல மூட்டை தூக்கறவரு, ரிக்‌ஷா இழுக்கறவரு, மார்க்கெட்ல ஏலம் விடறவரு இவங்கல்லாம் ஒரே நாள்ல நாலு பாஷைக்காரங்களோட பேசியாகணும், எந்த வார்த்தை வேலை செய்யுதோ அதை எடுத்துக்கிட்டாங்க.

அப்படி வந்ததுதான் நாஷ்டா, தோஸ்து, ஜல்தி, உஷார், குஷி, மஜா எல்லாம். ‘கலீஜ்’ உருது கலீஸ், அசுத்தம்னு அர்த்தம். ‘குஜால்’ங்கறது குஷ்-ஹால், சந்தோஷமான நிலைமை. ‘பேமானி’ல ‘பே’ன்னா இல்லாத, ‘ஈமான்’னா நம்பிக்கை, நேர்மை, ஆக நேர்மை இல்லாதவன். இதே ‘பே’தான் ‘பேவார்சு’லயும் இருக்கு, வாரிசு இல்லாதவன். ‘நைனா’, ‘டப்பு’ தெலுங்கு. ‘துட்டு’ங்கறதுக்கு டச்சுக்காரங்களோட சின்ன செப்புக்காசுப் பேரைத்தான் மூலமா பொதுவா காட்டறாங்க. எல்லாத்தையும்விட ஆச்சரியம் ‘கஸ்மாலம்’. மெட்ராஸ்ல இதைவிடக் கீழான திட்டு இல்லன்னு நெனப்போம், ஆனா கீதையில ரெண்டாவது அத்தியாயம் ரெண்டாவது சுலோகத்துல, சண்டை போட மாட்டேன்னு உக்காந்த அர்ஜுனனைப் பாத்து கிருஷ்ணர் கேக்கறதே “உனக்கு எங்கருந்து வந்துச்சு இந்தக் கஸ்மலம்”னுதான். அங்க அது மனசுல படிஞ்ச சோர்வு, அழுக்கு. இங்க அந்த அழுக்கு ஆளாவே மாறிடுச்சு.

ஒரு விஷயம் சொல்லணும், மெட்ராஸ் பாஷைன்னா எல்லாம் கடன் வாங்கினது இல்ல. ‘குந்து’, ‘அப்பால’, ‘வலி’ (இழுக்கறதுங்கற அர்த்தத்துல, துடுப்பு வலிக்கறதுன்னு சொல்றோமே) எல்லாம் அசல் தமிழ், மத்தவங்க பேச்சுல வழக்கொழிஞ்சு போனதை இவங்க வச்சுக்கிட்டிருக்காங்க. மீதியில பாதி வெறும் ஒலித் தேய்மானம். இழுத்துக்கொண்டுங்கறது இஸ்துக்கினு ஆச்சு, இருக்கிறது இருக்குதாகி அப்புறம் கீது ஆச்சு, வீடு வூடு ஆச்சு. வேகமா பேசறவங்க வாயில எந்த பாஷையும் இப்படித்தான் தேயும், எழுத்துத் தமிழ் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ உங்க வாயில ‘வந்துட்டிருக்கேன்’ ஆனதும் இதே தேய்மானம்தான், அதை மட்டும் யாரும் கொச்சைன்னு சொல்றதில்ல.

அர்த்தம் எப்படி நகருதுன்னு பாக்கறதுக்கு ‘மாமூல்’ ஒண்ணு போதும். அரபியில மஃமூல்னா வழக்கமா நடந்துக்கிட்டு வர்றது. நில வரிக் கணக்குலயெல்லாம் பழைய வழக்கப்படின்னு சொல்றதுக்கு மாமூல்னு எழுதுவாங்க, இன்னிக்கும் “மாமூலா அஞ்சு மணிக்கு வருவாரு”ன்னா வழக்கமான்னுதான் அர்த்தம். வழக்கமா குடுக்கறது, வழக்கமா வாங்கறதுன்னு சொல்லிச் சொல்லியே மாமூல் லஞ்சமாயிடுச்சு. லஞ்சம்னு சொன்னா குற்றம், மாமூல்னு சொன்னா பழக்கவழக்கம், வாங்கறவருக்கு எவ்ளோ வசதி பாருங்க. ‘தம்’மும் இப்படி ஊர் சுத்தின வார்த்தை. பாரசீகத்துல தம்னா மூச்சு. தம் கட்டி ஓடறது, ஆவியை மூச்சு விடாம அடைச்சு வேக வைக்கற தம் பிரியாணி, புகையை உள்ள இழுக்கற தம், மூணும் ஒரே தம்தான்.

‘வெட்டி’யைச் சொல்லாம விட்டா தூக்கம் வராது. வெட்டிப்பேச்சு, வெட்டி ஆபீசர், “வெட்டியா இருக்கேன்”னு நாம அலட்சியமா சொல்ற இந்த வார்த்தை சோழர் காலக் கல்வெட்டுகள்ல திரும்பத் திரும்ப வரும், கூலி இல்லாம செய்ய வேண்டிய கட்டாய வேலைக்குப் பேரு வெட்டி. ஏரி, வாய்க்கால் வேலைக்கெல்லாம் ஊர்க்காரன் உடம்பால குடுக்கற வரி மாதிரி. அப்ப வெட்டி வேலைன்னா ரொம்பக் கஷ்டமான வேலை, காசுதான் வராது. காசு வராததுங்கறது மட்டும் நின்னு கஷ்டம் கழண்டு போயி, இப்ப வெட்டின்னா வேலையே இல்லாதவன்.

இங்கிலீஷ்லருந்து இப்ப வந்துக்கிட்டிருக்கறது சைட், கட், பிட், சீன், பல்பு, மாஸ்னு ஏகப்பட்டது, அர்த்தம் பெருசா விளக்கத் தேவையில்ல. ஆனா அதைத் தமிழாக்கறதுக்கு நாம வச்சிருக்கற சின்ன டெக்னிக்கைக் கவனிங்க. வெளியிலருந்து வந்த வார்த்தை பின்னாடி ஒரு தமிழ் வினையை ஒட்ட வைக்கறோம், அடி, போடு, விடு, வாங்கு. எதோட எது ஒட்டும்ங்கறதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. பொய்யெல்லாம் பெரும்பாலும் ‘விடு’தான், கதை விடறது, ரீல் விடறது, பீலா விடறது, புருடா விடறது, சரடு விடறது. நாலு பேரு பாக்கணும்னு செய்யறது ‘போடு’, சீன் போடறது, படம் போடறது. அசிங்கப்படறது ‘வாங்கு’, பல்பு வாங்கறது, மொக்க வாங்கறது. “பல்பு விட்டான்”னு யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னா ரெண்டு வயசுக் குழந்தைகூட திரும்பிப் பாக்கும். யாரும் சொல்லிக் குடுக்காத இலக்கணம் இது.

மச்சான், மாப்ள, மச்சி எல்லாம் உறவுமுறையிலருந்து வந்ததுன்னு தெரியும். ஏன் நெருங்கின ஃப்ரெண்டுக்கு அண்ணன் தம்பியை விட்டுட்டு மச்சான்? நம்ம உறவுமுறையில மாமன் மச்சான் கேலி பண்ணிக்கலாம், அது முறை, கேலி பண்ணலன்னாத்தான் கோபமான்னு கேப்பாங்க. அண்ணன்கிட்ட அந்த உரிமை கிடையாது. கிண்டல் அடிக்கவும் திட்டவும் லைசன்ஸ் வேணும்னா ஒருத்தனை மச்சானாக்கிக்கணும், மரியாதை வேணும்னா அண்ணா, தல, ஜி.

கடைசியா எச்சரிக்கை மாதிரி ஒண்ணு. ஸ்லாங்குக்கு மூலம் சொல்றேன்னு சுத்தற கதைகள்ல பாதி கட்டுக்கதை, அதுலயும் இங்கிலீஷ் வாக்கியம் மருவி தமிழ் வார்த்தையாச்சுன்னு சொல்ற கதைன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க. ‘அம்பேல்’ங்கறது ‘ஐ ஆம் ஆன் பெயில்’லருந்து வந்ததாம். கேக்க ஜோரா இருக்கு, எனக்கு ஒட்டல. அம்பேல்னா ஆட்டத்தை விட்டுப் போறேன், கதை முடிஞ்சதுன்னு அர்த்தம், பெயில்ல வந்தவன் கேஸை விட்டா போயிட்டான், வாய்தாவுக்கு வாய்தா வந்து நிக்கணும். ‘ஓசி’க்குச் சொல்ற கதை இதைவிடத் தேவலாம், கிழக்கிந்தியக் கம்பெனி வேலையா போற கடுதாசிக்கு ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’னு போட்டுத் தபால் கூலி இல்லாம அனுப்பினதுலருந்து வந்ததுங்கறாங்க, அர்த்தமும் பொருந்துது, உறை மேல அப்படி எழுதற பழக்கமும் உண்மை, அரசாங்க உறைகள்ல இன்னிக்கும் ‘ஆன் இந்தியா கவர்ன்மெண்ட் சர்வீஸ்’னு பாக்கலாம். கேடிக்கு போலீஸ் ரெக்கார்டுல சாட்சி இருக்கற மாதிரி, ஒரு சுருக்கெழுத்துக் கதைன்னா அந்தச் சுருக்கம் நெஜமாவே எங்கயாவது எழுதப்பட்டிருக்கான்னு மொதல்ல தேடணும்.

அப்புறம் எல்லா ஸ்லாங்கும் சிரிப்பு இல்ல. ‘பொறுக்கி’ன்னா கீழ கெடக்கறதைப் பொறுக்கறவன், ஒருத்தனோட பசியைக் குணக்கேடா மாத்தின வார்த்தை அது. ஜாதிப் பேரையும் தொழில் பேரையும் திட்டாக்கினது இன்னும் நெறைய இருக்கு, மூலம் தெரிஞ்சதுக்கப்புறம் வாயில வராது.

தேடிப் பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு நல்ல இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924லருந்து 1936க்குள்ள ஆறு தொகுதியா வந்தது, லட்சத்துக்கு மேல சொல், இப்ப ஆன்லைன்லயே பாக்கலாம். எந்த பாஷையிலருந்து வந்ததுன்னு ஒரு சின்னக் குறி போட்டிருப்பாங்க. இன்னிக்குப் புழக்கத்துல என்ன அர்த்தம்னு பாக்க க்ரியா அகராதி. வெள்ளைக்காரன் காலத்துக் கலப்புச் சொல்லுன்னா 1886ல யூலும் பர்னலும் போட்ட ஹாப்சன் ஜாப்சன், அது அகராதிதான்னாலும் கதைப் புஸ்தகம் மாதிரி ஓடும். தேடறதுக்கு முன்னாடி தேய்மானத்தை மட்டும் சரி பண்ணிக்கோங்க, ‘இஸ்துக்கினு’ன்னு தேடினா கெடைக்காது, ‘இழு’ன்னு தேடணும்.